கோல் கீப்பருக்குப் போட்ட மாலை

"…வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் என்னங்க தெரியும், அழகுக்கு மாட்டிருக்கோம்னு நெனச்சுக்குவாரு, நீங்க மொதல்ல மூஞ்சிய நேரா வைங்க" என்று என் மனைவி செல்வி காதோரம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூஞ்சி நேராக வரவில்லை. டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தன்னுடைய படத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். படத்துக்குச் சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை. கீழே விளக்கு. எல்லாம் என் கைவேலை.

சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் பெண்ணைப் பெற்றவனுக்கு மூளை கொஞ்சம் சுருங்கும். எனக்கு முன்பே அளவாகத்தான் இருந்தது.

எங்கள் மகள் மீனா வேல்ஸில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் மாட்டியவள் மாதிரிச் சொல்வாள். அந்த ஊர்ப் பையன் ரிஸ்ஸைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பகலில் குழாய் ரிப்பேர், சாயங்காலமும் சனிக்கிழமையும் உள்ளூர் கிளப்பில் கால்பந்து. ஆட்டத்துக்கும் ஏதோ கொஞ்சம் சம்பளம் உண்டாம். எங்களுக்குச் சம்மதம். ரிஸ்ஸின் அம்மாவுக்குத்தான் தயக்கம். இவ்வளவு தூரத்துச் சம்பந்தம் சரிவருமா, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று டெல்லிக்கு டிக்கெட் போட்டுவிட்டார். மீனா போனில், "அவங்களுக்கு நம்மளப் புடிக்கணும்ப்பா. நீ பாட்டுக்கு எதையாவது பண்ணி வைக்காத" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பக்கத்துச் சம்பந்தி என்றால் எந்த ஊர், எந்தக் கோயில், மழை உண்டா என்று கேட்டே ஒரு வேளையை ஓட்டிவிடலாம். இவர்களிடம் என்ன பேசுவது? எங்கள் ஆபீஸ் கேன்டீன் சர்தார்ஜி ஒரு பேச்சு சொல்வார்: ஆளை மடக்கணும்னா அவன் ஊரப் பத்திப் பேசு, உன் பெருமையப் பேசாதே. சரி, அந்த ஊருக்கு இருக்கிற ஒரே பெருமை அந்த கிளப். அதன் சரித்திரத்தை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்து, போன் செய்த தமிழாக்கத்தில் (அது தமிழ்தான் என்று போன் சொன்னது), நான் ஓட்டும் ஆபீஸ் வண்டியில் அதிகாரிக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் படித்தேன்.

கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், கல் உடைத்தது போக மிச்சமிருந்த தெம்பில் ஆரம்பித்த கிளப் அது. மைதானம் சரிவில் இருந்ததாம். டாஸ் ஜெயித்தவர்கள் மேட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்வார்களாம். ஆற்றில் வெள்ளம் வந்து கோல் கம்பத்தை அடித்துக்கொண்டு போக, கீழே இருந்த ஊர்க்காரர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு தரமாட்டோம் என்றிருக்கிறார்கள். ஒரு தடவை பெரிய லீக்குக்கு ஏறிப் போய், எல்லோரிடமும் அடி வாங்கி, சத்தமில்லாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குத் திண்டுக்கல் பக்கத்து என் சொந்தக்காரர்கள் ஞாபகம்தான் வந்தது.

இந்தச் சரித்திரத்தின் நடுவில் நின்றவர் ஆல்வின். கோல் கீப்பர். ரிஸ்ஸின் அம்மாவைப் பெற்றவர் என்று அதிலேயே போட்டிருந்தது. ஆட்டத்தை விட்ட பிறகும் மைதானத்தை விடவில்லை. புல் வெட்டியிருக்கிறார், சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார், பசங்கள் கழற்றிப் போட்ட ஜெர்சியைத் துவைத்திருக்கிறார். அதனால் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கும் தகரக் கொட்டகைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

என் தொழில் என்னைக் கவிழ்த்தது இந்த இடத்தில்தான். பாதி ஆயுள் டெல்லியில் அரசாங்க வண்டி ஓட்டியவன் நான். இந்த ஊரில் ரோடு, ரவுண்டானா, மேம்பாலம் எல்லாம் ஆள் பெயர்தான். அந்த ஆட்களில் ஒருவரும் எனக்கு எதிரில் வந்ததில்லை. ஆகவே ஓர் இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இதில் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை.

சம்பந்தியம்மாவின் அப்பாவுக்கு நம் வீட்டில் மரியாதை செய்து வைத்தால் அந்த அம்மாள் உருகிப்போவார் என்று கணக்குப் போட்டேன். சேற்றில் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் அவருடைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, என் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். "எதுக்கும் மீனாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று செல்வி சொன்னாள்தான். இறந்தவரைப் பற்றிக் கிளறினால் பிள்ளை சங்கடப்படும் என்று நான்தான் வாயை அடைத்தேன். படம் ஆடக்கூடாதே என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டிரில் போட்டு நாலு பக்கமும் ஸ்க்ரூ முடுக்கச் சொன்னேன்.

வருகிற நாளன்று ஏர்போர்ட்டிலிருந்து மீனா பேசினாள். இன்னொருத்தரும் கூட வருகிறார், கடைசி நேரத்தில் கிளம்பினார், காபி சேர்த்துப் போடச் சொல் என்றாள். யாரென்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

வரவேற்க நான் கீழே இறங்கி நின்றபோது டாக்ஸி வந்து நின்றது. மீனா இறங்கினாள், ரிஸ் இறங்கினார், அவர் அம்மா இறங்கினார். பிறகு ஒரு ஊன்றுகோல் இறங்கியது. அதற்குப் பின்னால், பானைக்குப் பிடி வைத்த மாதிரி இரண்டு காதுகள். ஒரு வாரமாக நான் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த படத்தில் இருந்த அதே காதுகள்.

இரண்டு மாடியை நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. படத்தைப் பிடித்து இழுத்தேன். எலக்ட்ரீஷியன் நல்ல வேலைக்காரன், சுவர் வந்தாலும் படம் வராது. தோளிலிருந்த துண்டை எடுத்து மேலே போட்டேன். துண்டு நழுவி விளக்கில் விழுந்து, ஓரம் கருகிப் புகைந்தது. செல்வி பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு, வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்தபோதே வாசலில் ஊன்றுகோல் சத்தம்.

பெரியவர் நேரே படத்தின் முன்னால் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். பக்கத்தில் அதே மாலையோடு இருந்த என் அப்பாவைப் பார்த்தார். மறுபடி தன்னைப் பார்த்தார். மீனா என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "செத்தவங்களுக்குத்தான் படத்துல மாலை போடுவோம்னு வீடியோ கால்ல நம்ம தாத்தா படத்தக் காட்டி நானே இவங்ககிட்ட சொல்லிருக்கேன்ப்பா."

பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்து, தலை குனிந்து மௌனமாக நின்றார். ரிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். என் பெண்ணின் கல்யாணம் அந்தச் சம்பங்கி மாலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பெரியவர் திரும்பி என்னிடம் ஏதோ கேட்டார். மீனா அதைத் தமிழில் சொன்னாள்.

"எப்ப நடந்துச்சுன்னு கேக்குறாருப்பா. ரொம்பக் கஷ்டப்பட்டாரான்னும் கேக்குறாரு."

பயத்தில் என் வாய் ஹிந்திக்கு ஓடிவிட்டது. "நஹீ ஜி, பில்குல் நஹீ" என்று கைகூப்பினேன். கஷ்டமே படவில்லையாம் என்று மீனா மொழிபெயர்த்தாள். அப்படியானால் நல்லது என்று தலையாட்டிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் ரிஸ் திரும்பினார். கண்ணில் தண்ணீர், ஆனால் அது வேறு தண்ணீர்.

ரோடு, மேம்பாலக் கதையை மீனா மூலமாகத் திக்கித் திணறிச் சொன்னேன். உங்கள் ஊர் வழக்கம்தான் சரி, எங்கள் கமிட்டிக்காரர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றார் பெரியவர். பிறகு காபியை உறிஞ்சியபடி மகளிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். மீனா அதையும் தமிழில் சொன்னாள். "சாவுக்கே இவ்வளவு நல்லாச் செஞ்சிருக்காங்க, கல்யாணத்த இவங்க கையில தாராளமா விடலாமாம்."

கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டில் என்னை இன்றுவரை தங்கள் தாத்தாவைக் கொன்றவர் என்றுதான் சொந்தக்காரர்களுக்கு அறிமுகம் செய்கிறார்கள். போன வாரம் எல்லோரும் வீடியோ காலில் இருந்தபோது, கிளப்பின் சரித்திரப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள் என்று மீனா படித்துக் காட்டினாள்: 'ஆல்வின் ஒருமுறை டெல்லியில் காலமானார், ஊர் திரும்பியதும் வழக்கம்போலக் கோடு போட வந்துவிட்டார்.' போனுக்குள் பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு கைப்பிடி உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லி, போனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள்.