அறுபது நிமிட அதிபர்

"அச்சு அசல் நானேதான்யா அது," என்றார் சங்கத் தலைவர் தொலைபேசியில்.

இயக்குநருக்குத் தலை சுற்றியது. மூன்று வருஷம் நாயாய் அலைந்து அவர் எடுத்த ஆவணப்படம், கடல் கடந்த ஒரு நாட்டில் முப்பது வருஷமாய் நாற்காலியை விடாத அதிபரின் ஊழலைப் பற்றியது. அரங்குக்காரர்கள் எல்லோரும் 'நமக்கெதுக்கு வம்பு' என்று கையை விரித்துவிட, திரைப்படச் சங்கம் ஒன்றுதான் சனிக்கிழமைக்குக் கூடம் தருவதாகச் சொல்லியிருந்தது. தலைவர் ஒருமுறை பார்த்துத் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த மனுஷன் இப்படி ஆரம்பித்தால்?

"ஐயா, அவர் வேற நாட்டு அதிபர்..."

"காதுல பூ சுத்தாதீங்க. நான் மேடையில உக்காந்திருக்கறதையே எத்தனை தடவை காட்டுவீங்க? எடுங்க அதை."

எடுத்தார். அதிபர் ஏறிய மேடையெல்லாம் போய், அறுபது நிமிடப் படம் நாற்பதானது. முதல் பிரதியைப் போலவே புதுப் பென்டிரைவும் உறைக்குள் சங்கத்துக்குப் போனது.

மறுநாள் மறுபடி அழைப்பு. "மேடை அப்படியேதான் இருக்கு. போதாக்குறைக்கு என் மச்சான் வேற, சங்கத்துப் புதுக் கூரைக்குக் கீழ நின்னு இளிக்கிறான். அந்த கான்ட்ராக்ட்டை நான் அவனுக்குக் கொடுத்தது உங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

இயக்குநருக்குத் தெரியவே தெரியாது. அதிபரின் மச்சான் கட்டிய பாலம் ஒன்று படத்தில் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே பாலத்தை வெட்டினார். எதற்கு வம்பென்று, கைதட்டும் கூட்டம், கார்கள், அதிபர் எல்லாவற்றையும் வெட்டினார்.

"இப்ப என்னதான் மிச்சம்?" என்றாள் மனைவி. சொந்தபந்தம் மொத்தத்தையும் சனிக்கிழமைக்கு அழைத்து வைத்திருந்தவள் அவள்தான்.

"கடல். நாலு நிமிஷம்."

"பரவால்ல. எல்லாரும் காத்து வாங்கிட்டுப் போகட்டும்."

அந்தக் கடலும் உறையில் போனது. வெள்ளிக்கிழமை தலைவரே வீட்டுக்கு வந்துவிட்டார். இயக்குநர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். தலைவர் உட்காரவில்லை.

"மூணு தடவை பாத்துட்டேன் தம்பி. முதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் வெக்கமாப் போச்சு. இருபது வருஷம் போதும், ராஜினாமா எழுதிட்டேன். நாளைக்கு முழுப் படத்தையும் போடுங்க. ஒரு சீன் கொறையக் கூடாது."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷப் பாடு வீண்போகவில்லை, ஒருவரையாவது நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டதே தன் படம். அன்றிரவு நிம்மதியாய்த் தூங்கினார். காலையில் முழுப் படத்தோடு, எட்டி எட்டி நடந்து சங்கத்துக்குப் போனார்.

வாசலில் சங்கத்து கிளார்க் தலையைச் சொறிந்தபடி மூன்று உறைகளை நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க அனுப்பின கவர் மூணும் பிரிக்காமலே கிடக்கு. தலைவர் தினம் பட்டனை அமுக்கிப் பாத்தது, அவர் இருபது வருஷத்தைப் பாராட்டி நாங்க ரகசியமா எடுத்து டிவியில செருகி வெச்சிருந்த படம்."