வெர்லின் க்ரூகரின் இடது கை

துப்பாக்கியைக் கையில் எடுத்ததுமே வெர்லின் க்ரூகருக்குப் பகீரென்றது. மரப்பிடி உள்ளங்கையில் உட்கார மறுத்தது. கட்டைவிரலுக்கு இடமே இல்லை. விரல்களுக்காகச் செதுக்கிய பள்ளங்கள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்தன.

சுவிட்சர்லாந்தில் நடந்த ஏலத்தில் எடுத்த, குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கான பழைய கைத்துப்பாக்கி அது. உரிமம் வைத்து இறக்குமதி செய்துதரும் ரோண்டா, அரசாங்க அனுமதிக்கு ஏழு மாதம் அலைந்து அதை அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வரவழைத்திருந்தாள். அதைப் பார்க்க சுடுதளச் சங்கத்தார் ஆறு பேர் அவள் கடையில் கூடியிருந்தார்கள். வரச்சொன்னதும் வெர்லின்தான்.

"என்னடா, கையில ஒட்டலையா?" என்றான் டூயேன். பதினோரு வருடமாகச் சங்கக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகிறவன்.

"இது இடது கைத் துப்பாக்கி."

"தெரியாம வாங்கிட்டியா?"

"தெரியாம வாங்க நான் என்ன நீயா? கேட்டு வாங்கினேன். வலது தோள் கொஞ்ச நாளா மக்கர் பண்ணுது."

ஏலப் பட்டியல் ஜெர்மன் மொழியில் இருந்தது. கணினியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்க்கச் சொன்னாள் மனைவி டார்லீன். "என் ரத்தத்துல ஓடுற பாஷைக்கு மிஷின் எதுக்கு?" என்று கேட்டவர் வெர்லின். 'லிங்க்ஸ்' என்று போட்டிருந்ததை வால்நட் மரத்தில் ஏதோ உயர்ந்த ரகம் என்று அவளுக்கு விளக்கமும் சொன்னார். அதற்கு 'இடது' என்று பொருள் என்பது அன்று கடையில்தான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் டூயேனின் மனைவி, சமைத்த கேசரோல் சட்டியோடு நலம் விசாரிக்க வந்து நின்றாள்.

"பாவம், வலது தோள் வலியில துடிக்கிறாராமே?"

டார்லீன் கணவனைப் பார்த்தாள். வெர்லின் அவசரமாகத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அது இடது தோள்," என்றாள் டார்லீன், வந்தவள் போனதும்.

விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வலது கைக்கு ஒரு பிடி வாங்கி மாட்டிக்கோயேன். வேலை முடிஞ்சுது."

"யார்கிட்ட வாங்க? ரோண்டா டூயேனோட தங்கச்சி. ஒரு மணி நேரத்துல ஊருக்கே தெரிஞ்சுடும். க்ரூகர் பரம்பரையில ஜெர்மன் படிக்கத் தெரியாத ஒருத்தன்னு என் கல்லறையிலயே எழுதிடுவானுங்க."

தோளுக்கு ஓய்வு வேண்டும் என்று, பந்து உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் அணியினர் அவரை நீக்கினார்கள். பனி அள்ளப் பக்கத்து வீட்டுக்காரர் தாமாகவே வந்தார். வெர்லின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருடம் பிளம்பராகக் குழாய் முறுக்கிய கை சும்மா தொங்கியது. தேவாலயத்தில் அவர் தோளுக்காகப் பிரார்த்தனை நடந்தபோது மட்டும் டார்லீன் இருமுவதுபோல் வெளியே போய்விட்டாள்.

ஜனவரிப் போட்டியில் முதன்முறையாக இடது கையால் சுட்டார். பத்து குண்டில் மூன்றுதான் அவர் இலக்கு அட்டையில் பட்டது. ஒன்று, பக்கத்தில் நின்ற டூயேனின் அட்டையில் போய் நடுப்புள்ளியைத் துளைத்தது.

"ரொம்ப நன்றிடா! இதைவிட அழகா நானே சுட்டிருக்க மாட்டேன்," என்றான் டூயேன். சுடுதளமே சிரித்தது.

அன்றைக்கு வெர்லினுக்கு ரோஷம் வந்தது. வீட்டில் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டி, குண்டில்லாத துப்பாக்கியை இடது கையில் நீட்டி, தினமும் காலையில் ஒரு மணி நேரம் நின்றார். இடது கையால் பல் துலக்கினார், சூப் குடித்தார். பாதி சூப்பைச் சட்டை குடித்தது.

"தோத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உன் கஷ்டம் தீரும். என் துணி துவைக்கிற கஷ்டமும் தீரும்," என்றாள் டார்லீன்.

"அந்த வார்த்தை மட்டும் ஜெர்மன்ல எனக்குத் தெரியாது."

"மத்ததெல்லாம் தெரியுமாக்கும்!"

ஏப்ரலில் கோப்பைப் போட்டி. கடைசிச் சுற்றில் அவர் கை பாறை மாதிரி நின்றது. டூயேன் இருநூற்று எண்பது புள்ளி. வெர்லின் இருநூற்று எண்பத்தொன்று.

டூயேன் அட்டையை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "முப்பது வருஷமா தப்பான கையால சுட்டிருக்கடா நீ. நீ பிறவி இடக்கையன்!"

டார்லீன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளூர்ச் செய்தித்தாளில் படம் வந்தது: கோப்பை ஒரு கையில், துப்பாக்கி மறு கையில். வெர்லின் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். யாராவது கை குலுக்க வந்தால் இடது கையை நீட்டினார். 'தேர்ந்தெடுத்து வாங்கத் தெரியவேண்டும்' என்று சங்கத்தில் அரைமணி நேரம் பேசினார்.

அந்தப் படத்தை, வெர்லின் கேட்டே வாங்கிய கதையையும் எழுதி, ரோண்டா ஏலக்காரர் மூலம் துப்பாக்கியின் பழைய சொந்தக்காரருக்கு அனுப்பியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் சங்கமே உட்கார்ந்திருக்கும்போது பதில் கடிதத்தோடு வந்தாள். ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்தும் வைத்திருந்தாள்.

"சத்தமாப் படி," என்றார் வெர்லின், மீசையைத் தடவிக்கொண்டு.

ரோண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்:

"'அன்புள்ள ஐயா, நான் வலது கைக்காரன். ஏலத்தில் சரியாகப் பார்க்காமல் எடுத்துவிட்டு, ஊர் சிரிக்கக்கூடாதே என்று இருபத்தாறு வருடம் இடது கையாலேயே சுட்டுத் தொலைத்தேன். கடைசியில் தெரிந்தே வாங்கிய ஒருவர் கைக்கு அது போய்ச் சேர்ந்ததே, அதுவே எனக்கு நிம்மதி!'"