மேலே போன வால் கீழே வராதது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் என் மகளும் எங்களைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? மூன்று மாதமாக வாசலைத் தாண்டாதவர் சனிக்கிழமை உங்கள் படகில் ஏறச் சம்மதித்துவிட்டார் என்று மகள் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். வாரம் ஒருமுறை இன்ஜினை ஓடவிடுங்கள், வேறெதையும் தொட வேண்டாம் என்று சாவியைக் கொடுத்தீர்கள். செவ்வாய்க்கிழமை அப்படித்தான் செய்தேன். ஆனால் வேகம் கூட்டும் கைப்பிடியில் மேல்நோக்கி ஓர் அம்பும் கீழ்நோக்கி ஓர் அம்பும் இருந்தன. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியுமா? மேல் அம்பை அழுத்தினேன். பின்னால் விசிறியோடு தண்ணீருக்குள் தொங்குகிறதே, அந்த வால் ஒரு சாண் உயர்ந்தது. கீழ் அம்பை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வால் அசையவில்லை.

மறுநாள் உங்கள் அத்தையையும் கூட்டிப் போனேன். பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சுரண்டினேன், ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், கம்பி முழுசாக இருந்தது. வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றி வாலில் மாட்டிவிட்டு, அத்தையைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, வாலைத் தூக்கி இறக்கும் பம்பில் காதை வைத்தேன். அவள் அம்பு மாற்றி அழுத்த, நான் "நிறுத்து" என்று கத்த, அவள் காதில் "அழுத்து" என்று விழ, வால் உச்சிக்குப் போய் நின்றது. சட்டை கொடி மாதிரி பறந்தது.

பக்கத்துப் படகில் வேலையாக இருந்த மெக்கானிக் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். நான் பேட்டரியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேல போகுதுல்ல சார்? அப்ப பேட்டரி, மோட்டார் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இறங்குற வழியில மட்டும்தான் கோளாறு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் பட்டன் அழுத்தியிருக்கிறேன், அதற்குப் பின்னால் போக ஒரு வழி வர ஒரு வழி இருக்கும் என்று யோசித்ததேயில்லை. தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்பு டப்பாக்களைக் காட்டினார். ரிலேயாம். ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். இடம் மாற்றிச் செருகச் சொன்னார். செருகினேன். வால் இறங்கியது! சட்டை தண்ணீருக்குள் போனது. மறுபடி ஏற்றப் பார்த்தால் 'டக்'. நோய் டப்பாவோடு இடம் மாறிவிட்டது, மாப்பிள்ளை. உள்ளே மின்சாரம் தொட்டுப் போகும் இடம் கருகியிருக்கும் என்றார்.

புது ரிலே வாங்கி மாட்டியாயிற்று. ஏறுகிறது, இறங்குகிறது. நீங்கள் எந்த மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டாம். சம்பந்தியம்மாவைத் தைரியமாக அழைத்து வாருங்கள். எல்லோரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: கருகிய இடம் எப்படி இருக்கும் என்று பார்க்காவிட்டால் மனசு ஆறாது போலிருந்தது. புதியதையும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்து, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டையும் மேஜையில் வைத்தேன். பழையதின் மூடியை நெம்பி, சுருளைப் பிரித்தேன். முடி மாதிரி செம்புக் கம்பி, நம்பவே மாட்டீர்கள், அறை முழுக்க வந்தது. தொடும் முனை இரண்டும் கண்ணாடி போலப் பளபளத்தன. கருக்கலே இல்லை. இது எப்படிக் கெட்டிருக்கும் என்று அத்தையிடம் காட்டினேன். அவள் மேஜையில் மிச்சமிருந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க பிரிச்சது புதுசு" என்றாள். வரும்போது ஒரு ரிலே வாங்கி வரவும். முடிந்தால் இரண்டாக.