இன்னும் எத்தனை ரவுண்டு?

“இருபத்தஞ்சு ரவுண்டு! சுத்தின இடத்தையே சுத்தறதை யாருங்க உக்காந்து பார்ப்பாங்க?” என்றார் தடகளச் சங்கத்தின் தலைவியம்மா.

கேள்வி நியாயமானதுதான். போன வருஷம் பெண்களுக்கான பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் தொடங்கியபோது கேலரியில் இருநூறு பேர் இருந்தார்கள். முடிந்தபோது ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இந்தத் தடவையும் கூட்டம் எழுந்து போச்சுன்னா, அடுத்த வருஷம் அந்தப் போட்டியே கிடையாது. கமிட்டியில முடிவாயிடுச்சு.”

“அடியோடவா?” என்று பதறினார் மைக் பிடிக்கும் அறிவிப்பாளர். மைக் பிடிப்பவருக்கு ஓட்டம் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கேட்கலாம். அந்தப் போட்டியில் பதினோரு வருஷமாக ஓடுகிறவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. அதுதான் சங்கதி.

அவளுக்கு நூலகத்தில் வேலை. ஒரு தடவைகூட முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. ஆனாலும் தினமும் விடிந்தும் விடியாததுமாக ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். “எதுக்கு இப்படி ஓடறே?” என்று அவரும் கேட்காத நாள் கிடையாது. “சும்மாதான்” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அன்று வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். “அப்படியா?” என்றாள். பிறகு, கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள். அதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. எப்பாடு பட்டாவது இந்த ஓட்டத்தைக் காப்பாற்றிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

விளையாட்டு மைதானத்தில் அவர் அறிவிப்பாளராக இருப்பது வருஷத்துக்கு ஒரு நாள். மற்ற நாளெல்லாம் பேருந்து நிலையத்தில் அதே வேலை. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஆரம்பித்தால், தூக்கத்தில்கூட நிறுத்தாமல் ஒப்பிப்பார். கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் உண்டா? ஒரு வாரம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, மனிதர்கள் எதற்கு உட்காருகிறார்கள், எதற்கு எழுந்து போகிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார்.

திங்கட்கிழமை ஒன்று பிடிபட்டது. “பேருந்து நாற்பது நிமிடத்தில் வரும்” என்று சொன்னால் பெஞ்ச் காலி. “இன்னும் சற்று நேரத்தில் வரும்” என்று சொன்னால் ஒருவரும் நகர்வதில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம்கூட நிற்கிறார்கள்.

புதன்கிழமை இன்னொன்று. ஒரு கண்டக்டருக்கும் பயணிக்கும் வாய்த் தகராறு. அதைப் பார்க்க முப்பது பேர் சுற்றி நின்றார்கள். அதில் பன்னிரண்டு பேர் தங்கள் பேருந்தையே விட்டுவிட்டார்கள். விட்டதற்காக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

“சண்டை வேணும். நேரம் தெரியக் கூடாது” என்று கால அட்டவணையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவருக்கே புல்லரித்தது.

போட்டி நாளன்று முதல் வேலையாக, மீதிச் சுற்றுகளைக் காட்டும் பலகை அருகே போனார். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பலகையில் எண்ணை மாற்றுவதும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பதும் அவர் பொறுப்பு.

“டீச்சர், இந்தப் பலகையைக் கேலரி பக்கம் தெரியாம திருப்பி வெச்சிடலாம். ஓடறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

“ஏன் சார்?”

“இருபத்து மூணு பாக்கின்னு பார்த்தாலே ஜனங்களுக்குக் கொட்டாவி வருது.”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பலகையைத் திருப்பினார். மைக் அறை கேலரியின் உச்சியில் இருக்கிறது. பலகை கேலரிக்குத் தெரியாவிட்டால் தமக்கும் தெரியாது என்பது அறிவிப்பாளருக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது ஏற்பாடு, பழைய ஹாரன்கள். பேருந்துப் பணிமனையில் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் ஹாரன்களை ஒரு மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார். பெஞ்சுக்கு ஒன்று கொடுத்தார். வெறுங்கையோடு உட்கார்ந்தால்தானே எழுந்து போகத் தோன்றும்?

மாலை நான்கு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. ஆறு பெண்கள். சிவப்பு பனியன் போட்ட நர்ஸ் முதலில். நீல பனியன் போட்ட தபால்காரம்மா இரண்டாவது. அறிவிப்பாளரின் மனைவி மஞ்சள் பனியனில் நான்காவது. அவர் அட்டவணையின் பின்பக்கத்தில் சுற்றுக்கு ஒரு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

ஐந்தாவது கோட்டில் முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து நின்று பையை எடுத்தது.

அறிவிப்பாளர் மைக்கை இறுகப் பிடித்தார். “பார்வையாளர்களின் கனிவான கவனத்திற்கு! சிவப்பு பனியனும் நீல பனியனும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது!”

எழுந்த குடும்பம் உட்கார்ந்தது.

“சுவரில் ஆணி அடித்தது யார்? அதற்கான பதில் இன்னும் சற்று நேரத்தில்!”

கேலரி நிமிர்ந்தது. ஒரு ஹாரன் ‘பாம்’ என்றது. இன்னொன்று பதில் சொன்னது. சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று பெஞ்சுகள் பிரிந்துபோயின. அவருக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. பத்தாவது கோடு போடும்போது மைக் அறையின் கதவு படாரென்று திறந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் மூச்சு வாங்க நின்றார்.

“ஐயா, சிவப்பு பனியன் என் பொண்டாட்டி. எங்களுக்குப் பக்கத்து வீடே கிடையாது. யாரு வீட்ல யாரு ஆணி அடிச்சா?”

“சார், கோவிச்சுக்காதீங்க, ஒரு சுவாரசியத்துக்கு...”

“எங்க மாமியார் கீழ உக்காந்திருக்காங்க. ‘மூணு வருஷமா ஏன்டி என்கிட்ட மறைச்சே’ன்னு அழுதுட்டிருக்காங்க!”

அறிவிப்பாளர் பதறிப்போய் மைக்கைப் பிடித்தார். “இப்போது கிடைத்த செய்தி! இரு வீட்டாரும் சமாதானம் ஆகிவிட்டார்கள்!”

“அடச்சே!” என்றது கேலரி. நாலைந்து பேர் எழுந்தே விட்டார்கள். மேடையில் தலைவியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சமாதானத்தைப் பார்க்க யார் உட்காருவார்கள்? அந்த அவசரத்தில் அவர் வாயில் வந்தது இதுதான்: “ஆனால், இருவருக்கும் நடுவில் கோள்மூட்டியது வேறு யாருமல்ல. அதோ, நான்காவதாக ஓடும் மஞ்சள் பனியன்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் மஞ்சள் பனியன் வளைவில் வந்தபோது நாற்பது ஹாரன்கள் சேர்ந்து அவளைத் திட்டின. “கோள்மூட்டி, ஓரமாப் போ!” என்று யாரோ கத்தினார்கள். பதினோரு வருஷம் வாய் திறக்காமல் ஓடியவளுக்கு இந்தப் பட்டம்!

“இருங்க, இருங்க! அந்தம்மா மேல தப்பு இல்ல!” என்று பேருந்து நிலையத் தமிழை மறந்து அலறினார். “வீட்டுக் கஷ்டம் அவங்களை அப்படிப் பண்ண வெச்சிருச்சு! அவங்க புருஷன் இருக்கானே, அவன் ஒரு சோம்பேறி! சாப்பிட்ட தட்டை எடுக்க மாட்டான். துண்டு எங்கே, பேனா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். அவ்வளவு வேலையையும் முடிச்சுட்டு, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி எழுந்து ஓடிப் பழகறாங்க!”

பெண்கள் பக்கம் ‘ஐயோ பாவம்’ என்று ஒரு முனகல் எழுந்தது. ஒரு பெரிய அம்மாள் பெஞ்ச் மேல் ஏறி நின்றார். “எங்கே அந்தப் புருஷன்? வந்திருக்கானா?”

“வந்திருக்கான்...” என்று உண்மையைச் சொல்லிவிட்டு, “எங்கேயோ மேலேதான் சொகுசா உக்காந்திருப்பான்” என்று முடித்தார்.

“வெளியே வாடா!” என்று கேலரி எழுந்து நின்றது. “விடாதே அக்கா! ஓடு! அவன் மூஞ்சியில கரியைப் பூசு!” ஹாரன்கள் காதைக் கிழித்தன. கட்சியெல்லாம் கலந்துபோய், ஆறு பேருக்கும் சேர்த்துக் கத்தினார்கள். தலைவியம்மாவே ஒரு ஹாரனைப் பிடுங்கி இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெயித்தாகிவிட்டது என்று மூச்சு விட்டார் அறிவிப்பாளர். பிறகு குனிந்து அட்டவணையைப் பார்த்தார். பத்துக் கோடுதான் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை சுற்று போயிற்று? ஆறா? பத்தா? யாருக்குத் தெரியும்? மூக்குக்கண்ணாடிக்காரரிடம் கேட்டார்.

“எனக்கெப்படித் தெரியும்? நானும் அந்தப் புருஷன் யாருன்னுதான் தேடிட்டிருக்கேன்” என்றார் அவர்.

ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டு, “கீழே டீச்சர்கிட்ட போய், எத்தனை ரவுண்டு பாக்கின்னு கேட்டுட்டு ஓடி வா” என்று அனுப்பினார். “இதோ வந்துடறேண்ணே” என்று போனவர் மூன்றாவது படியில் நின்று, அங்கேயே ஒரு ஹாரனை வாங்கிக்கொண்டார். திரும்பி வரவே இல்லை.

கீழே சிவப்பு பனியன் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் இரண்டு கையையும் தூக்கி, ஓட்டத்தைக் குறைத்தாள்.

“ஐயோ, சிவப்பு தளர்ந்துவிட்டாள்!” என்று அறிவிப்பாளர் அலறினார். “விட்டுவிடுவாளா?”

“விடாதே!” என்று கேலரி இடிந்து விழுவதுபோல் கத்தியது. சிவப்பு பனியன் அண்ணாந்து பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மறுபடி ஓடத் தொடங்கினாள். நீலமும் அப்படியே நின்று, பார்த்து, ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வந்தாள். கோட்டைத் தாண்டியதும் மைக் அறையைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினாள். ‘உங்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்றுதான் அதற்கு அர்த்தமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். “அக்கா, எங்களுக்காக!” என்று பெஞ்ச் மேல் நின்ற அம்மாள் கத்தினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே ஓடினாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அறிவிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ரொம்பக் களைத்துப்போனால் புத்தி தடுமாறிச் சிரிப்பு வரும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். கீழே நேரம் குறிப்பவர்களைப் பார்த்தார். அவர்களும் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். போச்சு! அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு கணக்கைக் கோட்டை விட்டுவிட்டார்கள். டீச்சரும் மணி அடிக்க மறந்துவிட்டார். இருபத்தைந்து தாண்டி இருபத்தெட்டோ முப்பதோ! எல்லாம் இந்தப் பாழாய்ப்போன வாயால் வந்த வினை. அவளுடைய ஓட்டத்தைக் காப்பாற்றப் போய், அவளையே ஓட வைத்துக் கொன்றுவிடுவோம் போலிருக்கிறதே!

பேச்சை நிறுத்தினால் கூட்டம் கலையும். கூட்டம் கலைந்தால் அடுத்த வருஷம் ஓட்டம் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும், ஆள் இருந்தால் போதும்.

மைக்கை மூக்குக்கண்ணாடிக்காரர் கையில் திணித்தார். “பேசுங்க!”

“என்ன பேசறது?”

“சுவரைப் பத்திப் பேசுங்க!”

படியில் தடதடவென்று இறங்கினார். பாதி வழியில் பெரிய அம்மாள் கையைப் பிடித்து நிறுத்தி, “தம்பி, அந்தப் புருஷனை எங்கேயாவது பார்த்தியா?” என்றார். “அவன் ஓடிட்டாம்மா” என்று கையை உருவிக்கொண்டு ஓடினார். மைதானத்தின் ஓரத்தில் கணக்கு டீச்சர் மடக்கு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“டீச்சர்! எல்லாம் என் தப்பு, தலைவியம்மாகிட்ட நானே ஒத்துக்கறேன். முதல்ல மணியை அடிங்க! இன்னும் எத்தனை ரவுண்டுதான் ஓடுவாங்க அவங்க?”

“எனக்கெப்படி சார் தெரியும்? இருபத்து நாலுல மணி அடிச்சேன், இருபத்தஞ்சுல ரிசல்ட்டும் எழுதிக் குடுத்தாச்சு. ரேஸ் முடிஞ்சு மூணு ரவுண்டு ஆச்சு, நமக்குன்னு இப்பத்தான் முதல் தடவையா கை தட்டறாங்களேன்னு ஆறு பேருக்கும் நிக்க மனசு வரலையாம்!”