‘என்னா சொல்லுது’ அண்ணன்

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரரையே வண்டியாக மாற்றிவிடுகிற மெக்கானிக் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் விருத்தாசலத்தில் இருக்கிறார். அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் ‘என்னா சொல்லுது’ அண்ணன்.

பாலக்கரைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் ஒரு டீக்கடை. சைலன்சரும் அதைச் சேர்ந்த புகைக் குழாய்களும்தான் அவர் வேலை. வண்டி வந்து நின்றால் பானெட்டைத் திறக்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, “என்னா சொல்லுது?” என்பார்.

“சத்தம் போடுதுங்க.”

“கொழந்தகூடத்தான் சத்தம் போடுது. எப்பிடிப் போடுதுன்னு வாயால சொல்லு.”

அவ்வளவுதான். கட்சிக் கரை வேட்டி கட்டியவராக இருந்தாலும் சரி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டியவராக இருந்தாலும் சரி, நடுரோட்டில் நின்று “புடுபுடு” என்றோ “கர்ர்” என்றோ சொல்லியாக வேண்டும். சொல்லாத வண்டிக்கு ஸ்பேனர் எடுக்க மாட்டார்.

பெண்ணாடத்திலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி, வெற்றிலையை மென்றுகொண்டே தன் டிராக்டர் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். சத்தம் அருமை. ஆனால் எதிரில் நின்ற ஏழெட்டுப் பேரும் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்ற வேண்டியிருந்தது.

கம்மாபுரத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். புருஷன் “டப் டப்” என்றார். அந்த அம்மா உடனே, “பொய் சொல்றாருங்க. அது டப் டப் இல்ல, டப்புக்கு அப்புறம் ஒரு உஸ்ஸு இருக்குது. இவரு எதத்தான் முழுசா கேட்டாரு?” என்றார். அண்ணன் அந்த உஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டார். புருஷனைப் பார்த்து, “அடுத்த தடவ நீங்க வூட்டுலயே இருங்க. வண்டியும் அவுங்களும் வந்தா போதும்” என்றார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளைத் தட்டு ஒன்றைப் புகைக் குழாய்க்குப் பின்னால் பிடித்து, கரி எப்படிப் படிகிறது என்று ஜாதகம் மாதிரி பார்ப்பார். டீக்கடை அக்கா வடை கொடுப்பதும் அதே மாதிரித் தட்டில்தான். எந்தத் தட்டு எதற்கு என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

இப்படிப்பட்டவரிடம் போய் மாட்டினேன் நான். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, எழுந்து நின்று பாட்டு ஒப்பிக்கச் சொன்னார்கள் என்பதால்தான். வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். டீசல் வண்டி, இழுவைக்கு டர்போ வைத்தது. பொம்மையும் கரண்ட் பெட்டிக்கான ஃபியூஸ் கேரியரும் செய்கிற ஒரு பீங்கான் கம்பெனி முதலாளிக்கு மாதம் முழுக்க நான்தான் ஓட்டுவேன். என் வீட்டில் அடுப்பெரிவது அந்த ஒரு மனிதரால்தான்.

வண்டியில் கொஞ்ச நாளாக ஒரு சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தால் வரும். கொஞ்ச தூரம் ஓடினதும் நின்றுவிடும். எந்த ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனாலும் போய்ச் சேருவதற்குள் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். “வண்டி நல்லாத்தான இருக்குது?” என்று என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். முதலாளியோ காலையில்தான் ஏறுவார். ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

“நாளைக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒரு பெரிய வியாபாரி வராரு. நானும் வரேன். அவர் முன்னாடி இது இப்பிடிக் கத்துச்சின்னா, நான் வேற வண்டி பாத்துக்கறேம்பா.”

இனி அண்ணனிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். வாயால் சத்தம் போடாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. மறுநாள் விடியலில் வண்டியை எடுத்ததும் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டேன். வியாபாரி வருவது சாயங்காலம்தான். நேராகக் கொட்டகைக்குப் போய், ஒன்றும் பேசாமல் போனை நீட்டினேன்.

கேட்டார். திருப்பிக் கொடுத்தார்.

“போனுக்கு என்னா தம்பி தெரியும்? எது பெருசா கேக்குதோ அத எடுத்துக்கும். எது ஒன்ன பயமுறுத்துச்சோ, அத நீதான் சொல்லணும். என்னா சொல்லுது?”

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அண்ணன் எழுந்து நின்று, “ஏ, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!” என்றார்.

“ஏங்க, வடை கருகிடும்!” என்றார் டீக்கடை அக்கா.

“கருகட்டும். திரும்பு.”

அக்கா, லோடுமேன் இருவர், ஒரு பென்ஷன்காரர், எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அண்ணன் மல்லாந்து படுத்து என் வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“தம்பி, இங்க யாரும் இல்ல. நானும் இல்ல. சொல்லு.”

அந்தக் கால்களைப் பார்த்துச் சொன்னேன். “டிஸ்... டிஸ்... டிஸ்...”

“எடுத்த உடனேவா?”

“ஆமாண்ணே.”

“ஆக்சிலேட்டர மிதிச்சா?”

“டிஸ்டிஸ்டிஸ்டிஸ்...”

“டர்போ எழும்பும்போது?”

“ஊஊய்ய்ய்ய்...”

“சூடானப்புறம்?”

நான் பேசாமல் நின்றேன்.

“ஆங்! இதுதான். இந்தச் சும்மா இருக்கறத எந்தப் போனும் சொல்லாது.” கால்கள் சந்தோஷமாக ஆடின. “இஞ்சினுக்கும் டர்போவுக்கும் நடுவுல பொக கசியாம இருக்க ஒரு தகடு வெப்பாங்க, கேஸ்கட்டு, அது எரிஞ்சிருக்குது. சூட்டுல இரும்பு விரிஞ்சி ஓட்டைய அதுவே மூடிக்குது. ஆறுனா தொறந்துக்குது. சரி, வேற எதுனா சொல்லுதா?”

என்ன ஆனது என்று தெரியவில்லை. “சாயங்காலம் திருச்சி போவணும்ணே” என்று ஆரம்பித்தவன்தான், என்னால் நிறுத்த முடியவில்லை. அடியில் பைப் அதிர்கிற சத்தம், வேப்பூர் திருப்பத்தில் கியர் மாற்றுகிற சத்தம், வேகத்தடையில் பின்னால் இடிக்கிற சத்தம், நடுவில் ஒரு ஹாரன் என்று எல்லாம் போட்டேன்.

“போதும் தம்பி, திருச்சியே வந்துடுச்சி!”

சுவரைப் பார்த்து நின்றவர்களின் முதுகுகள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஒருவர்கூடத் திரும்பவில்லை.

துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்தார். நான் வாட்ச்சைப் பார்த்தேன். “அவசரப்பட்டா ஒடஞ்சிக்கும். போய் வடை சாப்பிடு. கருகுனதா பாத்து எடு, உன்னாலதான் கருகுச்சி” என்றார். ஒரு நட்டு மட்டும் பிடிவாதம் பிடித்தது. அதைத் திட்டவில்லை. “வாம்மா, வாம்மா, சம்பந்தி வூட்டுக்காரங்க காத்திருக்காங்க” என்று கொஞ்சிக் கொஞ்சிக் கழற்றினார். கேஸ்கட்டை எடுத்து என்னிடம் காட்டினார். புகை கசிந்த இடத்தில் கரி ஒரு கோடு போட்டிருந்தது. புதியது போட்டு, டர்போவுக்குப் பின்னால் வருகிற, வளைந்து கொடுக்கிற பைப்பும் கிழிந்திருந்ததால் அதையும் மாற்றினார். எஞ்சின் ஆறும்வரை வைத்திருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டார்.

ஏர்போர்ட்டில் ரொம்ப நேரம் வண்டி சும்மா நின்று ஆறிவிட்டது. வியாபாரியும் முதலாளியும் ஏறினார்கள். சாவியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. திருச்சி எல்லையைத் தாண்டுவதற்குள் வியாபாரி தூங்கிவிட்டார்.

வேப்பூரில் டீ குடிக்க இறங்கிய முதலாளி, “வண்டிய மாத்திட்டியா என்னா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “அடுத்த வாரம் இவரத் திரும்ப ஏர்போர்ட்டுல கொண்டுபோய் வுடணும். நீயே வந்துடு” என்றார்.

நானாக யாருக்கும் போன் செய்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் செய்தேன்.

“என்னா சொல்லுது?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமே சொல்லலண்ணே. வியாபாரி தூங்குறாரு.”

“கொறட்ட வுடுறாரா?”

“வுடுறாரு.”

“எப்பிடி?”

பக்கத்தில் ஒரு சென்னை பஸ் நின்றிருந்தது. ஜன்னல் முழுக்க முகங்கள். லாரி டிரைவர்கள் பரோட்டாவுக்காகக் காத்திருந்தார்கள். நான் போனை வாயருகே வைத்துக்கொண்டு, மூச்சு இழுப்பதில் தொடங்கி மூக்கில் விசில் வருவது வரைக்கும் அந்தக் குறட்டையை ஒன்று விடாமல் போட்டுக் காட்டினேன். அந்தப் பக்கம் அவர் சிரித்துச் சிரித்து இருமினார். முதலாளி வண்டியில் ஏறிவிட்டார். அண்ணன் சிரித்து முடிக்கும்வரை போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை.