வாசல் பழகிய வண்டி

நான்காவது நாளாக வண்டி அதே வாசலில் குலுங்கி நின்றது.

முதலில் மூன்று கீச்சொலி. பிறகு ஜப்பானிய மொழியில் ஒரு பெண்குரல் மரியாதையாக ஏதோ சொன்னது. அப்புறம்தான் குலுக்கல். நிமியாவின் கையிலிருந்த கொம்புக் குவளை சாய்ந்து, தெரெரே பானம் இலையும் ஐஸ் தண்ணீருமாக அவள் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"சிரிலோ! நான் பாடம் நடத்தப் போறேன், ஓடையில குளிக்கப் போகல!"

"நான் என்ன பண்ணேன்? வண்டி தானா நின்னுச்சு."

"அதெப்படி நாலு நாளா இங்க மட்டும் தானா நிக்குது?"

சிரிலோ வண்டியை மறுபடி கிளப்பினார். நான்கு நாளாக அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததும் அதே கேள்விதான். ஏனென்றால் அது யாழ் செய்யும் ரிகோபெர்த்தோவின் வாசல்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், நிமியாவின் ஜன்னலுக்குக் கீழே யாழைக் கொண்டுவந்து வைத்து மூன்று பாட்டுப் பாடியவன் அந்த ரிகோபெர்த்தோ. அவள் கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த சிரிலோவைத்தான் கட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்த மூன்று பாட்டு சிரிலோவுக்கு இன்னும் செரிக்கவில்லை. ரிகோபெர்த்தோவுக்கும் கல்யாணமாகி, பெர்லா என்று ஒரு மனைவி வந்து, வாசலெல்லாம் செடி வைத்துவிட்டாள். இவருடைய வயிற்றெரிச்சல் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அந்த வீட்டுப் பக்கம் தான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று, யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்வார்.

வண்டி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி, சிலே வழியாக இந்த லுக்கே ஊருக்கு வந்து சேர்ந்தது. திரையில் வருவதெல்லாம் ஜப்பானிய எழுத்து. "முன்னால எது வந்தாலும் தானா பிரேக் போடும், தோன் சிரிலோ. நீங்க காலை மடக்கி வெச்சுக்கிட்டு உக்காரலாம்" என்று விற்றவன், 'தோன்' போட்டு மரியாதையாக, சத்தியம் செய்திருந்தான். எந்நேரமும் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் எழுத்தைக் காட்டிக் கேட்டதற்கு, "எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றான். ஸ்டீயரிங்குக்கு மேலே, ஓட்டுபவர் முகத்தைப் பார்த்தபடி இருந்த சின்னக் கறுப்புக் கண் எதற்கு என்று கேட்டதற்கு, "அழகுக்கு" என்றான்.

பெரிய சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டதால், திங்கட்கிழமையிலிருந்து சிரிலோ இந்தத் தெரு வழியாகத்தான் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டியிருந்தது. நிமியாவுக்கு இது பழைய பாதை. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு அரேகுவாவில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவாள். அரேகுவாவுக்கு இந்தத் தெருதான் வழி.

"நீ ஓட்டும்போது இங்க நிக்குதா?" என்றார் சிரிலோ, சும்மா கேட்பதுபோல.

"ஒரு நாளும் நின்னதில்ல. கத்தினதுகூட இல்ல."

கடைக்குப் போனதும் அவர் மனசு இதையே போட்டுக் குடைந்தது. அவளுக்கு நிற்பதில்லையாம். ஏன் நிற்க வேண்டும்? அவளே நிறுத்தினால் வண்டிக்கு அங்கே என்ன வேலை? சித்தப்பாவின் பால்வண்டிக் குதிரை இப்படித்தான். வாடிக்கை வீடு வந்தால் கடிவாளத்தைத் தொடாமலே நின்றுவிடும். செவ்வாயும் வியாழனும் எந்த வாசலில் நின்று பழகியதோ, அந்த வாசலில்தான் இதுவும் நிற்கிறது!

கண் சோதிக்க வந்திருந்த ஒரு அம்மாளிடம், "பக்கத்துல பாக்காதீங்க, நேராப் பாருங்க!" என்று எரிந்து விழுந்தார்.

"நேராத்தான் பாக்குறேன்" என்றாள் அவள், பயந்துபோய்.

மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, பழைய ரயில் பாதை ஓரமாக ஓட்டினார். வண்டி எங்கும் நிற்கவில்லை. நிமியாதான் மணியடித்துப் பத்து நிமிஷம் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினாள்.

"எதுக்கு இந்தச் சுத்து?"

"அந்த வாசல் வேண்டாம்னுதான்."

"யாருக்கு வேண்டாம்? எனக்கு அங்க ஒண்ணும் இல்ல. உனக்கு அங்க என்ன இருக்கு?"

சிரிலோவுக்குப் பொறுக்கவில்லை. கேள்வி கேட்க வேண்டியவர் அவர், அவள் எப்படிக் கேட்கலாம்? ஆதாரம் வேண்டும் என்று முடிவு செய்தார். அன்று மத்தியானம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில், வெயிலுக்கு ஜன்னல்களை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தத் தெருவில் தனியாகப் பத்து முறை போய்வந்தார். எட்டு முறை வண்டி கத்தியது, பேசியது, நின்றது. நிற்காத இரண்டில் ஒரு தடவை எதிரே பஸ் வந்தது. இன்னொரு தடவை அவர் கண்ணில் தூசி விழுந்திருந்தது.

ஐந்தாவது தடவை, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெர்லா கையசைத்தாள். மரியாதைக்காக சிரிலோ தொப்பியைத் தூக்கினார். எட்டாவது தடவை அவள் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பத்துக்கு எட்டு!" என்றார் சாயங்காலம், வீட்டுக்குள் நுழைந்ததும்.

"என்ன எட்டு?"

"அந்த வாசல்ல வண்டி நின்னது. நான் தனியாப் போய்ப் பார்த்தேன்."

"மத்தியானத் தூக்கத்த விட்டுட்டு, அடுத்தவன் வாசலுக்குப் பத்து தடவ போனியா?"

"சித்தப்பாவோட பால்வண்டிக் குதிரை மாதிரி வண்டி அங்க நின்னு பழகியிருக்கு, நிமியா. யாரு பழக்கினாங்கன்னுதான் கேக்குறேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சிரிலோ சமாளித்திருப்பார். அலமாரியைத் திறந்து பையை எடுத்துத் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

"நாளைக்குக் காலையில நான் அரேகுவாவுக்குப் போறேன். பஸ்ல. உன் குதிரை எனக்கு வேண்டாம். நான் அங்க நிறுத்தினேன்னு நிரூபிச்சா வந்து கூட்டிட்டுப் போ. இல்ல, தப்பாப் பேசிட்டேன்னு நாலு பேர் முன்னால சொன்னா வரேன்."

சிரிலோ விடிய விடியப் புரண்டார். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பயந்தார். அவள் அரேகுவாவுக்குப் போகிற பஸ்ஸும் அந்த வாசல் வழியாகத்தான் போகும் என்பதை நினைத்து இன்னும் அதிகமாகப் பயந்தார்.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, வண்டி தெருவைப் பார்ப்பது இவற்றால்தான் என்று, அதன் முன்பக்கச் சின்னத்தின் மேலும், முன்கண்ணாடியின் உச்சியிலிருந்த கேமரா மேலும் பிளாஸ்திரி ஒட்டினார்.

"அதோட கண்ண மூடியாச்சு. இனிமே அது எதையும் பாக்காது, எங்கயும் நிக்காது. இதோட இந்தப் பேச்ச விட்டுடுவோம். பஸ் ஸ்டாப் வரைக்குமாவது வா."

நிமியா பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

ரிகோபெர்த்தோவின் வாசல் வந்தது. மூன்று கீச்சொலி. பெண்குரல். குலுக்கல். பின்னாலேயே ஒரு சத்தம். மோட்டார் சைக்கிளில் கூடையோடு வந்த சிப்பா வியாபாரி வண்டியின் பின்பக்கத்தில் மோதி நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடைதான் கவிழ்ந்தது. சுடச்சுட இருந்த பாலாடைக்கட்டி ரொட்டியெல்லாம் தெருவில் உருள, எங்கிருந்தோ ஆறு நாய்கள் வந்தன.

"இன்னைக்கும் வந்துட்டாரு பாருங்க, தொப்பிக்காரரு!" என்று பெர்லாவின் குரல் கேட்டது.

கையில் உளியோடு ரிகோபெர்த்தோ வெளியே வந்தான். "தோன் சிரிலோ, நேத்து நான் தூங்கிட்டிருந்தப்ப என் வாசல்ல எட்டு தடவ நின்னது நீங்கதானா? என் பொண்டாட்டியப் பாத்துத் தொப்பியத் தூக்கினதும் நீங்கதானா?"

சிரிலோ, பதினான்கு வருஷமாகத் தன் வயிற்றில் எரிந்தது அப்படியே அந்த முகத்தில் எரிவதைப் பார்த்தார். எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்றும் தோன்றியது.

நிமியா மெதுவாகத் திரும்பினாள். "தொப்பியத் தூக்கினத எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"வண்டி! எல்லாம் இந்த வண்டிதான்! நான் ஒண்ணுமே பண்ணல, தானா நிக்குது!" நேற்று மனைவிக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்திய வண்டியை இன்று தனக்குச் சாட்சியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வேணும்னா ஏறுங்க, ரெண்டு பேரும் ஏறுங்க! உங்க கண்ணாலயே பாருங்க!"

ரிகோபெர்த்தோவும் பெர்லாவும் பின்னால் ஏறினார்கள். சிரிலோ தெருமுனைவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த வாசலில் வண்டி நிற்க வேண்டுமே என்று கன்னி மரியாளை வேண்டிக்கொண்டார். வாசல் நெருங்கியது. கீச், கீச், கீச். குரல். குலுக்கல்.

"பாத்தீங்களா!" என்று கிட்டத்தட்ட அழுதார்.

ரிகோபெர்த்தோ உளியைத் தாழ்த்தினான். "நிஜம்தான் போல பெர்லா. நம்ம வாசல் வந்ததும் ஏதோ சொல்லுதே."

"என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சா நல்லது" என்றாள் பெர்லா.

தெரிந்தவள் எதிர்ச்சாரியிலேயே இருந்தாள். லா கொல்மேனா என்ற ஊரிலிருந்து வந்து, திராட்சைக் காலம் முழுக்க அந்த மரத்தடியில் கடை போடும் கிமிகோ. அவளுடைய அப்பா அம்மா ஜப்பானிலிருந்து வந்தவர்கள். நிமியா அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"தோன்யா கிமிகோ, இது உங்க பாஷைதானே? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

கிமிகோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். சிரிலோ கடையில் வாங்கிய கண்ணாடிதான். மஞ்சள் எழுத்தை நிதானமாகப் படித்தாள்.

"தானா பிரேக் போடுறத அணைச்சு வெச்சிருக்குன்னு எழுதியிருக்கு. எப்பலேர்ந்து எரியுது இது?"

"வாங்கின நாள்லேர்ந்து" என்றாள் நிமியா.

"அப்ப வாங்கின நாள்லேர்ந்து இது தானா நின்னதே கிடையாது."

பின் சீட்டிலிருந்து இரண்டு தலைகள் முன்னால் நீண்டன. எல்லோரும் சிரிலோவின் வலது காலைப் பார்த்தார்கள். சிரிலோவும் பார்த்தார். அது பிரேக்கின் மேல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"சத்தம் கேட்ட பயத்துல மிதிச்சிருப்பேன்" என்றார் ஈனமான குரலில். "ஆனா சத்தம் போட்டது அதுதானே? இந்த வாசல்ல மட்டும் எதுக்குச் சத்தம் போடுது? அதக் கேளுங்க முதல்ல!"

"ஆமா, அந்தப் பொம்பளக் குரல் என்னதான் சொல்லுது?" என்றாள் நிமியா.

"அதுவா? ஆறு நாளா எதிர்த்தாப்புல உக்காந்து நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்." கிமிகோ பெர்லாவைப் பார்த்தாள், உளியைப் பார்த்தாள், ஸ்டீயரிங்குக்கு மேலிருந்த கறுப்புக் கண்ணைப் பார்த்தாள், கடைசியில் பரிதாபமாக சிரிலோவைப் பார்த்தாள். "'பக்கத்துல பாக்காதீங்க, நேராப் பாருங்க'ன்னு சொல்லுது."