'சரிங்களா'வும் எங்கள் அம்மாவும்

சொந்தமாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு கல்லூரியையே மடக்கிப் போட்டவன் இந்த உலகத்தில் 'சரிங்களா' ஒருவன்தான். பொறாமையில்தான் சொல்கிறேன். மார்க்கில் என்னைவிடக் கீழே, உயரத்தில் என் தோள் வரைக்கும், சட்டை மொத்தமே மூன்று. ஆனாலும் திருச்செங்கோட்டுப் பக்கம் நாங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த கல்லூரியில், முதல்வரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவனைத்தான் விசாரிப்பார்கள்.

அவன் அப்பா நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே போனில் யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லி, 'சரிங்களா' என்று கேட்டு, எதிராளி சரி என்ற பிறகுதான் வண்டி நகரும். "திருப்பிச் சொல்லலைன்னா கொச்சிக்குப் போற முட்டை ஓசூர்ல போய் நிக்கும்" என்பான். இந்தப் பழக்கத்தைப் பெட்டி படுக்கையோடு ஹாஸ்டலுக்கும் கொண்டுவந்துவிட்டான்.

முதல் நாளே மெஸ்ஸில் ஆரம்பித்தது. "நாலு மணிக்கே எந்திரிச்சு ஊத்தறேன், தீந்து போச்சுன்னா நான் என்ன பண்ண?" என்று மாஸ்டர் எங்களை விரட்டினார். இவன் மட்டும் தட்டோடு நின்றான். "அப்ப, நீங்க நாலு மணிக்கே எந்திரிச்சு ஊத்துன இட்லி அத்தனையும் காலி, இனி உப்புமாதான். சரிங்களாண்ணா?" மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். உள்ளே போய், தனக்கென்று மூடி வைத்திருந்த நாலு இட்லியைக் கொண்டுவந்து அவன் தட்டில் போட்டார். எனக்கு உப்புமா.

நெட்வொர்க் வகுப்பில் அதைவிட மோசம். ஒரு கம்ப்யூட்டர் தகவல் அனுப்பினால், வந்து சேர்ந்தது என்று மற்றது பதில் சொல்ல வேண்டும் என்பது பாடம். படத்தோடு மனப்பாடம் செய்துவிட்டு நான் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவன் எழுந்தான். "அப்ப, இது அனுப்புது, வந்துருச்சுன்னு அது சொல்லுது, சொல்லலைன்னா இது மறுக்கா அனுப்புது. சரிங்களா சார்?" சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இத்தன வருஷத்துல நான் நடத்துனது போய்ச் சேந்துச்சுன்னு இன்னைக்குத்தான்டா தெரியுது" என்றார். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

கம்யூனிகேஷன் மேடமோ, கேட்பவர் பதில் தராதவரை பேச்சு முழுமையாகாது என்ற தியரியை நடத்த, போர்டில் எழுதாமல் இவனைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். அதே தியரிக்கு நான் பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் அம்மா விஷயத்தில்தான் வயிறு பற்றி எரிந்தது.

அம்மா ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே பேசிப் பழகியதால் போனிலும் சத்தமாகத்தான் பேசுவார். நீளமாகவும் பேசுவார். நான் 'ம்' கொட்டிக்கொண்டே அசைன்மென்ட் எழுதுவேன். ஒருநாள் நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மாவின் போன் வர, இவன் எடுத்துத் தொலைத்தான். "அவன் குளிக்கறானுங்கம்மா, எங்கிட்டச் சொல்லுங்க." அரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நேராக அவன் நம்பருக்கே கூப்பிட்டுவிட்டார். ஊரிலிருந்து முறுக்கு வந்தால் அவனுக்குத் தனி டப்பா, அதுவும் பெரிய டப்பா.

"எங்கம்மாவ விட்றா" என்று சண்டைக்கே போனேன்.

"அப்ப, உங்கம்மா எங்கிட்டப் பேசறது உனக்குப் பொறாம. சரிங்களா?"

சரி என்று சொல்வதற்குப் பதிலாக அவன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

கடைசி செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ஞாயிறு. டீ வாங்கிக்கொண்டு அறைக்குள் நுழைகிறேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் போனில், வழக்கம்போலச் சத்தமாக: "அப்ப, மூணு வாரமா வலது கையத் தூக்க முடியலைங்க, இடது கையிலயே தறி ஓட்டறீங்க, பரிச்ச முடியற வரைக்கும் அவங்கிட்டச் சொல்லக் கூடாது. சரிங்களாம்மா?"

திரும்பினான். என்னைப் பார்த்தான். எதிராளி சரி என்று சொல்லும் முன்பே அவன் போனை வைத்தது அன்றைக்குத்தான்.

பஸ் மாறி மாறி இருவருமே ஊருக்குப் போனோம். அம்மா தறியில்தான் நின்றிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அவங்கிட்டச் சொல்லுவ, எங்கிட்டச் சொல்ல மாட்டியாம்மா?"

"மொதல்ல உங்கிட்டத்தான் சொன்னேன் சாமி. ரெண்டு தடவ. நீ 'ம்'ன்ன. காதுல உழுகலைன்னு தெரிஞ்சுது. பரிச்ச நேரம், அதுவும் நல்லதுக்குத்தான்னு உட்டுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். நான் எட்டித் தறியை நிறுத்திவிட்டு, அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தோள்பட்டை இறுகிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையும் பயிற்சியுமாகச் சில மாதத்தில் கை மேலே ஏறிவிட்டது.

இப்போது நான் பெங்களூரில். அவன் நாமக்கல்லில் அப்பாவின் ஆபீஸைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறான். ஞாயிறு காலையில் அம்மாவைக் கூப்பிட்டால் லைன் பிஸியாகத்தான் இருக்கும். யாரென்று தெரியும். இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.

போன ஞாயிறு முதல் ரிங்கிலேயே அம்மா எடுத்துவிட்டார்.

"அவன் கூப்படலையாம்மா?"

"இல்ல சாமி, காலைலருந்து போனக் கையிலயே வெச்சிருக்கறேன்."

என்னவோ ஏதோ என்று பதறிப்போய், அம்மாவிடம் சொல்லிவிட்டு அவன் நம்பரை அடித்தேன். அவன் எடுத்துச் சொன்னதை நானே திருப்பிச் சொன்னேன்: "அப்ப, ராத்திரி லோடு ஏத்தி முடிய விடிஞ்சுருச்சு, தூங்கிட்ட, வேற ஒண்ணுமில்ல. சரிங்களா?"